நைஸ் 19

திங்கள், பெரம்பலூர்

காரை ஓடையில் எடுத்த அம்மோனைட் படங்களை முப்பரிமாண உருவமாக்க ஆய்வக லினக்ஸ் கணினியில் ஓடவிட்டேன். கல்லைப் பெயர்க்கவில்லை, படம் மட்டும்தான். கிரெட்டேசியக் கடலின் சுருள் ஓடு திரையில் புள்ளி புள்ளியாகத் திரள, இரண்டு கோரும் முழுசாகப் போய்விட்டது. அதே மெஷினில் இன்னொரு டெர்மினலில் இருந்த மாணவன், "கம்பைல் போட்டா இழுத்துக்கிட்டே கெடக்கு சார்" என்றான்.

வேலையை நிறுத்த மனசில்லை. செட்பிரயாரிட்டி சிஸ்டம் கால் மூலம் அதன் நைஸ் எண்ணை 19 ஆக்கினேன். -20 முதல் 19 வரை போகும் எண் இது. ஏற ஏற முன்னுரிமை குறையும். 0-க்குக் கெர்னல் தரும் எடை 1024, 19-க்கு 15. ஒரே கோரில் இரண்டும் மோதினால் 19-க்குக் கிடைப்பது நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. போட்டிக்கு ஆளில்லாதபோது முழு சிபியுவும் அதற்கே.

கம்பைல் மட்டும் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

செவ்வாய், அரியலூர்

சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வீடு வந்து, மேனுவலைத் திறந்தால் விடை அங்கே இருக்கிறது: ஆட்டோகுரூப். 2011-இல் 2.6.38 கெர்னலோடு வந்தது. செஷன் வாரியாக வேலைகளைக் குழுவாக்கி, முதலில் குழுக்களுக்கிடையே சிபியுவைப் பங்கிடுகிறது. நைஸ் எண் செல்லுபடியாவது தன் குழுவுக்குள் மட்டும். டெர்மினல் ஒவ்வொன்றும் தனி செஷன். என்னுடையதில் என் வேலை ஒன்றுதான். தனியாளாக வரிசையில் நிற்பவன் கடைசியில் நின்றால் என்ன, முதலில் நின்றால் என்ன?

புதன், பெரம்பலூர்

ப்ராக் கோப்பகத்தில் அந்த வேலையின் எண்ணுக்குக் கீழே ஆட்டோகுரூப் என்றே ஒரு கோப்பு உண்டு. அதில் 19 எழுதியதும் குழு முழுவதும் பின்னுக்குப் போனது. கம்பைல் சட்டென முடிந்தது.

பையன் சும்மா இருப்பானா? தன் புரோகிராமுக்கு -20 கேட்டான், அனுமதி மறுப்பு. 10 போட்டான், ஏற்றுக்கொண்டது. திரும்ப 0 கேட்டால் மறுபடி மறுப்பு. விட்டுக்கொடுக்க யாரையும் கேட்க வேண்டாம். திரும்பப் பெற ரூட் அதிகாரமோ நிர்வாகி தளர்த்திய வரம்போ வேண்டும். கறாரான விதிதான், எனக்குப் பிடித்திருக்கிறது. இல்லாவிட்டால் பிராக்டிக்கல் வாரத்தில் லேப் முழுக்க -20 ஆகத்தான் இருக்கும்.

நைஸ் எண்ணைப் படித்துச் சொல்லும் கெட்பிரயாரிட்டி -1 தந்தால் அது பிழையா, நிஜமான நைஸ் எண்ணா என்றும் கேட்டான். நல்ல கேள்வி. அழைக்கும் முன் பிழை எண் வைக்கும் எர்ர்நோவைப் பூஜ்யமாக்கிவிட்டு, பிறகு பார்க்க வேண்டும். கெர்னல் இந்தக் குழப்பத்துக்கே இடம் வைக்காமல் 1 முதல் 40 வரைதான் திருப்பித் தருகிறது. அதை -20 முதல் 19 வரையிலான நைஸ் எண்ணாகத் திரும்ப மாற்றுவது சி நூலகத்தின் வேலை.

நாளை வாரணவாசி அருங்காட்சியகப் படங்களை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். அங்கே சிபியு முன்னுரிமையைக் கவனிக்கும் நைஸை மட்டும் நம்பிப் பயனில்லை, டிஸ்க் முன்னுரிமையைக் கவனிக்கும் அயோநைஸ் வேண்டும்.