நூறு தெனாரியம்



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு, இறை இரக்கத்தின் ஞாயிறு. 2000 ஏப்ரல் 30 அன்று போலந்து நாட்டுச் சகோதரி பவுஸ்தீனாவைப் புனிதராக உயர்த்திய திருப்பலியில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதை அறிவித்தார். அந்த வருடத்திலிருந்து பிற்பகல் மூன்று மணிக்கு இறை இரக்க செபமாலை சொல்லாத நாள் எனக்குக் குறைவு. வகுப்பு இருந்தால் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அப்படிப்பட்ட நான் என் கூடப்பிறந்த தம்பியோடு 17 வருடம் பேசாமல் இருந்தேன்.

2006-இல் அம்மா படுக்கையில் கிடந்தார்கள். வைத்தியத்துக்கு வீட்டின் மேல் கடன் வாங்கணும், நீயும் கையெழுத்துப் போடணும் என்று தம்பி கூப்பிட்டான். அரைநாள் விடுப்பு எடுத்துப் பத்திர ஆபீசுக்குப் போனேன். படித்துப் பார்க்கவில்லை. தம்பிதானே! அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகுதான் தெரிந்தது, நான் கையெழுத்துப் போட்டது விடுதலைப் பத்திரம். அப்பா கட்டிய வீட்டில் எனக்கு ஒரு செங்கல்கூட இல்லை. கேட்டதற்கு, "உனக்குத்தான் பென்ஷன் வருமே அக்கா" என்றான்.

பாவசங்கீர்த்தனத்தில் "கோபப்பட்டேன் சாமி" என்று மட்டும் சொல்வேன். யார்மேல் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மத்தேயு 18-இல் வரும் மன்னிக்க மறுத்த பணியாளன் உவமையை மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒருநாள் கணக்கு டீச்சர் புத்தியில் தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு தெனாரியம் ஒருநாள் கூலி. ஒரு தாலந்து 6,000 தெனாரியம். அரசன் தள்ளுபடி செய்தது பத்தாயிரம் தாலந்து, அதாவது 6 கோடி நாள் கூலி. நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்தால் 3,000 கோடி. அந்தப் பணியாளன் உடன் பணியாளனின் கழுத்தைப் பிடித்தது 100 தெனாரியத்துக்காக. அது 50,000 ரூபாய்.

50,000 ரூபாய் சில்லறைக் காசா? கூலிக்காரனுக்கு மூன்று மாத உழைப்புக்கும் மேல். இதை நான் அதுவரை கவனிக்கவே இல்லை. உனக்கு யாரும் எதுவும் தரவேண்டியதில்லை என்று ஆண்டவர் சொல்லவில்லை. என் கடன் உண்மையான கடன்தான். ஆனால் எனக்குத் தள்ளுபடியான கணக்குக்குப் பக்கத்தில் வைத்துத்தான் அதைப் பார்க்கவேண்டும்.

2017-இல் அருள்சகோதரி இராணி மரியா இந்தூரில் அருளாளராக உயர்த்தப்பட்டபோது அவர் வரலாற்றை வாசித்தேன். மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளுக்காக உழைத்த அவரை 1995-இல் ஓடும் பேருந்தில் குத்திக் கொன்றார்கள். அவருடைய சொந்தத் தங்கை, அவரும் அருள்சகோதரிதான், 2002-இல் சிறைக்குப் போய், குத்திய சமுந்தர் சிங்கின் கையில் ராக்கி கட்டினார். கொலைகாரனைத் தம் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். நானோ கூடப்பிறந்தவனையே வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தேன்.

அதை வாசித்த பிறகும் எனக்கு ஆறு வருடம் ஆனது. 2023 தவக்காலத்தில் தம்பிக்குப் பக்கவாதம் என்று கேள்விப்பட்டுப் போனேன். அம்மா செய்வதுபோல முந்திரிக்கொத்து செய்து எடுத்துப்போனேன். "வாங்க மதினி" என்று தம்பி மனைவி கதவைத் திறந்தாள். அவனுக்கு வாய் குழறியது. "அக்கா, சாப்பிட்டியா?" என்றான். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் பத்திரத்தைப் பற்றிப் பேசவில்லை.

வீடு இன்னும் அவன் பெயரில்தான் இருக்கிறது. அந்தத் தெருவில் ஆட்டோ திரும்பும்போதெல்லாம் நெஞ்சு சுருக்கென்கிறது. அப்போதெல்லாம் மறுபடியும் மன்னிக்கிறேன். எழுபது தடவை ஏழுமுறை என்று ஆண்டவர் பேதுருவுக்குச் சொன்னதை, 490 வெவ்வேறு குற்றங்களுக்கு என்று நினைத்திருந்தேன். ஒரே குற்றத்துக்கே அத்தனையும் வேண்டும் போலிருக்கிறது.

என்னிடம் படித்த பிள்ளைகளே, எந்தப் பத்திரத்தையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். இதைச் சொல்லாவிட்டால் நான் டீச்சரே இல்லை. பேசாமல் விட்ட உறவு யாராவது இருந்தால், இன்று மூன்று மணி செபத்துக்கு முன்னால் ஒரு போன் போடுங்கள். பதினேழு வருடம் காத்திருக்காதீர்கள்.