வாட்சின் மறுபாதி

2016-ல் இரண்டு கைக்கடிகார நிறுவனங்களின் கதை முடிந்தது. ஜனவரியில், எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. டிசம்பர் 7-ம் தேதி, கலிபோர்னியாவின் பெபிள் நிறுவனம் இனி வாட்ச் தயாரிக்கப்போவதில்லை என்று அறிவித்தது. முன்னது, 1961-ல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம். பின்னது, 2012-ல் கிக்ஸ்டார்ட்டரில் ஒரு லட்சம் டாலர் கேட்டு, கிட்டத்தட்ட 69,000 பேரிடமிருந்து ஒரு கோடி டாலருக்கு மேல் வாங்கிய கம்பெனி. (நம்மூர்க் கடைகளில் இதே பெயரில் கிடைக்கும் வாட்ச் வேறு ஒரு நிறுவனத்துடையது. அதைச் சொல்லவில்லை.)

பெரும்பாக்கத்தில் எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா பீரோவில். முதல் தலைமுறை பெபிள் அம்மாவின் கையில்.

ஜனதாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சாவி கொடுத்தால் ஓடும். நின்றுபோனபோது மேற்கு தாம்பரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் கொடுத்தேன். கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்தார், "வில்லு போயிருக்கு, வேற ஒரு ஜனதாலேர்ந்து எடுத்துப் போட்டுடலாம்" என்றார். கம்பெனி இருக்கிறதா, போய்விட்டதா என்ற பேச்சே வரவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. எச்.எம்.டி.யைச் சாய்த்ததில் நம்ம ஓசூருக்கும் பங்குண்டு. டாடாவும் டிட்கோவும் 1984-ல் சேர்ந்து தொடங்கிய டைட்டன்தான் குவார்ட்ஸை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. ஆனால் போட்டியில் தோற்றது கம்பெனிதான். அப்பாவின் வாட்ச் தோற்கவில்லை.

ஸ்மார்ட்வாட்ச் அப்படியில்லை. அதில் பாதிதான் கையில் இருக்கும். மறுபாதி போனில் ஒரு செயலியாக இருக்கும். அந்தச் செயலியின் பாதி எங்கோ ஒரு சர்வரில் இருக்கும். கையில் இருப்பது மட்டும்தான் நம்முடையது. சர்வரை யாராவது அணைத்தால், கீறல்கூட விழாத வாட்ச் ஒரே ராத்திரியில் அரை வாட்ச் ஆகிவிடும். பெபிளுக்கு அந்த ராத்திரி 2018, ஜூன் 30. நிறுவனத்தின் சொத்துகளை வாங்கியிருந்த ஃபிட்பிட் அன்றுவரைதான் சர்வர்களை ஓட்டியது. அதற்குள் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பெபிள்கள் விற்றிருந்தன.

என் டீமின் வேலைகளில் ஒன்று பழைய சேவைகளை நிறுத்துவது. எங்கள் தொழிலில் இதற்கு 'சன்செட்' என்று பெயர். சூரியன் மறுநாள் காலையில் வந்துவிடும், இது வராது. யார் வைத்த பெயரோ. நிறுத்தும் பக்கத்து நியாயம் எனக்கு நன்றாகத் தெரியும். சர்வருக்கு வாடகை, பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள், ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் எழுந்திருக்க ஒருத்தர். விற்று வருமானமே இல்லாத பொருளுக்கு இதையெல்லாம் எத்தனை வருஷம் செய்வது? ஆகவே சர்வரை அணைத்ததை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். அணைக்கும் முன்னால் என்ன விட்டுவைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

பெபிள் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். பெபிளின் போன் செயலி திறந்தவுடன் முதல் காரியமாக ஒரு சின்னக் கோப்பை இறக்கிப் படிக்கும். வானிலைக்கு எந்த முகவரிக்குப் போகவேண்டும், வாட்ச் முகப்புகளை விற்கும் கடை எங்கே, குரலை எழுத்தாக்க யாரிடம் கேட்கவேண்டும் என்ற விலாசங்கள் அதில் இருக்கும். அந்தக் கோப்பை எங்கிருந்து எடுப்பது என்ற முதல் விலாசத்தை வெளியிலிருந்து மாற்ற முடியும். போதாதென்று 2017-ல் வந்த ஒரு அப்டேட், சர்வரில் லாகின் செய்யாமலேயே வாட்சை இணைக்கவும் வழி செய்தது. ஆக, பூட்டிவிட்டுப் போனவர்கள் சாவியை நிலைப்படி மேலேயே வைத்துவிட்டுப் போனார்கள். ரெபிள் என்ற தன்னார்வலர் குழு அந்த முதல் விலாசத்தைத் தங்கள் சர்வருக்குத் திருப்பியது. கடையிலிருந்த ஆயிரக்கணக்கான முகப்புகளையும் செயலிகளையும் முன்பே பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். வானிலைக்கும் குரலுக்கும் மட்டும் மாதம் 3 டாலர் கேட்டார்கள், அவர்களும் வெளியே காசு கொடுத்து வாங்குவதால். மற்றதெல்லாம் இலவசம்.

நான் 2014-லிருந்து ஐந்து வருஷம் கட்டியிருந்த வாட்ச் அது. நடந்த அடிகளை எண்ணி வைக்க எனக்கு ஆசை இல்லாததால் அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. பிறகு அம்மாவுக்குப் போனது. காது மந்தமாகிக்கொண்டே வந்தது. ஹியரிங் எய்டு வாங்கிக் கொடுத்தால் "காதுக்குள்ள வண்டு சுத்துற மாதிரி இருக்குடா" என்று கழற்றி டிவி மேல் வைத்துவிடுவாள். போன் சமையலறையில் அடிக்கும். அம்மா ஹாலில் இருப்பாள். நான் சோழிங்கநல்லூர் ஆபீசிலிருந்து நான்கு முறை, ஐந்து முறை கூப்பிடுவேன். இடையில் உள்ள தூரம் ஐந்து கிலோமீட்டருக்குள்தான். ஆனால் எடுக்கப்படாத ஐந்தாவது அழைப்புக்குப் பிறகு மேடவாக்கம் ரோட்டு டிராஃபிக்கில் அந்த ஐந்து கிலோமீட்டர் எப்படி இருக்கும் என்பது வயதான அப்பா அம்மாவைத் தனியே விட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

பெபிள் கையில் அதிரும். அவ்வளவுதான். அதுதான் வேண்டியிருந்தது.

புது வாட்ச் வாங்கிக் கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கொடுத்தேன். பளபளவென்று தொடுதிரை. பாத்திரம் தேய்த்த ஈரக் கையில் அது வேலை செய்யவில்லை. மணி பார்க்கக் கையை ஒரு மாதிரி வெடுக்கென்று திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் கறுப்பாகவே இருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை சார்ஜ். பத்து நாளில் "பழசையே குடு" என்றாள். பெபிளில் நான்கு பொத்தான்கள். கண்ணை மூடிக்கொண்டும் அழுத்தலாம். 144-க்கு 168 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். எரிந்துகொண்டு என்பதுகூடத் தப்பு, அது வெளிச்சம் உமிழ்வதில்லை. வெயிலில்தான் இன்னும் நன்றாகத் தெரியும். அதனால்தான் ஒரு சார்ஜில் ஐந்தாறு நாள் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பெரும்பாக்கம் மூழ்கிக் கிடந்தபோது கரண்ட் இல்லை, இரண்டாம் நாள் போன்கள் செத்துப்போயின. யாரும் யாரையும் கூப்பிட முடியாத அந்த நாட்களிலும் அம்மாவின் கையில் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் பிரஷர் மாத்திரைக்கான அலாரம் அதிர்ந்துகொண்டிருந்தது. அலாரத்துக்கு மறுபாதி தேவையில்லை.

பேட்டரியைப் பற்றிச் சொல்லவேண்டும். லித்தியம் பேட்டரி எதுவானாலும் வயதாகும். ஏழாவது வருஷத்தில் ஆறு நாள் ஒரு நாளாகச் சுருங்கியது. மேடவாக்கம் கூட்ரோடு பக்கம் ஒரு மொபைல் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். அந்த அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கேயும் ஸ்க்ரூவே காணோமே தம்பி."

"கண்ணாடி ஒட்டினதுண்ணா. முன்னாடியிலேர்ந்துதான் பிரிக்கணும்."

"உடைஞ்சா என்னைக் கேக்கக் கூடாது."

ஹாட் ஏர் காட்டி, பிளேடு நுழைத்து, கால் மணி நேரத்தில் கண்ணாடியை எடுத்துவிட்டார். உள்ளே இருந்த பேட்டரி அவருடைய எந்த டப்பாவிலும் இல்லை. ப்ளூடூத் ஹெட்செட் ஒன்றிலிருந்து கழற்றிய பேட்டரியை வைத்துப் பார்த்தார். வோல்டேஜ் ஒன்றுதான், அளவு ஒரு நூல் சின்னது. சால்டர் வைத்து ஒட்டினார். இந்த மாடலில் திரைக்கும் போர்டுக்கும் இடையே இருக்கும் ரப்பர் மாதிரியான இணைப்பு நாளாக நாளாகத் தளர்ந்து திரையில் கோடு விழும் என்று படித்திருந்தேன். சொன்னதும் இயர்பட்ஸ் குச்சியிலிருந்து ஒரு துணுக்குப் பஞ்சைப் பிய்த்துத் திரைக்கு அடியில் அண்டக்கொடுத்தார். 350 ரூபாய். தண்ணீர் புகாத தன்மை அன்றோடு போனது, அதையும் சொல்லித்தான் கொடுத்தார். தாம்பரத்துப் பெரியவருக்கும் இவருக்கும் கைவேலையில் பெரிய வித்தியாசம் இல்லை. இவரால் முடியாதது மறுபாதி மட்டும்தான்.

அந்த மறுபாதிக்கு அடுத்த கண்டம் 2022-ல் வந்தது. ஆண்ட்ராய்டு போன்கள் 32-பிட் செயலிகளைக் கைவிடத் தொடங்கின. கூகுளின் பிக்சல் 7 அவற்றை ஓட்டவே ஓட்டாது. பெபிளின் செயலி 32-பிட். முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்த அக்டோபரில், நிறுவனம் மூடி ஆறு வருஷம் கழித்து, அந்தச் செயலிக்கு 64-பிட் பதிப்பு ஒன்று வெளியானது. ஃபிட்பிட் அதற்குள் கூகுள் கைக்குப் போயிருந்தது. அந்தச் செய்தியை வெளியே சொன்னவர் கேத்தரின் பெர்ரி; ரெபிளைக் கட்டியவர்களில் ஒருவர், அப்போது கூகுளில் வேலை பார்த்தவர். பெரிய கம்பெனி என்று நாம் சொல்வதற்குள் இப்படி ஒரு ஆள் இருந்தால் போதும், சில சமயம்.

2025 ஜனவரியில் கூகுள், பெபிளின் இயங்குதள மூலநிரலையே பெரும்பாலும் பொதுவில் வைத்தது. பெபிளைத் தொடங்கிய எரிக் மிஜிகோவ்ஸ்கி அதே மென்பொருளில் புது வாட்ச்கள் செய்யக் கிளம்பினார். பிற்பாடு அவருக்கும் ரெபிள்காரர்களுக்கும் பழைய செயலிக் கிடங்கு யார் பொறுப்பில் என்பதில் பொதுவெளியிலேயே வாக்குவாதம் வந்தது. அதற்குள் போகப்போவதில்லை. எனக்கு மூலநிரல் வேறொரு காரணத்துக்காக வேண்டியிருந்தது.

அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். அவள் போனில் பெயர்கள் எல்லாம் தமிழில். அந்த வாட்சுக்குத் தமிழ் தெரியாது. தெரியாத எழுத்து வந்தால் ஒரு பெட்டி போடும். சித்தி கூப்பிட்டாலும் பெட்டி, கேஸ்காரன் கூப்பிட்டாலும் பெட்டி. கை அதிர்ந்ததும் அம்மா பெட்டிகளை எண்ணி ஆளைக் கண்டுபிடிக்கப் பழகியிருந்தாள். நாலு பெட்டி என்றால் பையன்.

தமிழ் எழுத்துருவைச் சேர்த்தால் மட்டும் போதாது. யூனிகோடில் 'கொ' என்பது க, அதன் பிறகு ஒகரக் குறி என்று இரண்டு எண்கள். திரையில் அது மூன்று வடிவம்: முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தனி மென்பொருள் வேண்டும். வாட்சின் நினைவகம் மொத்தமே 128 கிலோபைட், அதில் அதற்கு இடமில்லை. மூலநிரலில் எழுத்து வரையும் பகுதியைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் தீர்வு தோன்றியது, அதுவும் என் பள்ளிக்காலத்திலிருந்து. யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழ் இணையம் டிஸ்கியில் எழுதப்பட்டது. டிஸ்கி எழுத்துகளை ஒலிப்படி வைக்காது, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கும்: கொம்பு, க, கால். வரைகிறவனுக்கு ஒரு மூளையும் தேவையில்லை, இடமிருந்து வலமாகப் போட்டுக்கொண்டே போகலாம். யூனிகோட் வந்ததும் நாமெல்லாம் நிம்மதிப் பெருமூச்சோடு கைவிட்ட முறை அது. கைவிடப்பட்ட வாட்சுக்குக் கைவிடப்பட்ட முறைதான் சரியாகப் பொருந்தியது.

பெபிளின் செயலிக்குப் பதிலாக கேட்ஜெட்பிரிட்ஜ் என்று ஒன்று இருக்கிறது. எந்த சர்வரையும் கேட்காமல் போனையும் வாட்சையும் நேராகப் பேசவைப்பது, மூலநிரல் திறந்தது. பெயர்கள் வாட்சுக்குப் போகும் முன், போனிலேயே தமிழைப் பிரித்து வரிசை மாற்றும் ஒரு துண்டு நிரலை அதில் எழுதினேன். வாட்சில் ஏற்ற 150 சொச்சம் வடிவங்கள் கொண்ட ஒரு மொழிப் பொதி. தி, தீ, து, தூ எல்லாம் தனித்தனிப் படங்கள். ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து புள்ளி உயரத்துக்குள் அடங்கவேண்டும். 'ஞை' அடங்கவே மாட்டேன் என்றது. நாலு வார இறுதிகள் போயின. எங்கள் ஏரியாவிலேயே இருக்கும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் வாசலைத் தாண்டித்தான் தினமும் போகிறேன். உள்ளே தொல்காப்பியத்துக்குச் செம்பதிப்பு, வெளியே நான் 'ணு'வின் வாலை எங்கே வெட்டுவது என்று யோசித்தபடி பைக்கில்.

முதல் முறை 'சித்தி' என்று திரையில் வந்தபோது அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எழுத்து பொடிசா இருக்கே. பெருசாக்க முடியாதா?"

பெரிதாக்கினேன். இப்போது ஒரு வரிக்கு ஆறு எழுத்து.

புது பெபிள் வாங்கலாம்தான். பணமில்லாமல் இல்லை. ஆனால் இந்த வாட்சுக்கு இன்னும் சாக வேறு காரணம் எதுவும் வரவில்லை. வந்தால் அது போகும் இடமும் தெரியும்: ஜன்னலைத் திறந்தால் காற்றடிக்கும் நாட்களில் பெருங்குடி குப்பைமேட்டு வாசனை வரும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, குப்பைமேடு அந்த நிலத்திலேயேதான் இருக்கிறது. கையளவு வாட்ச் ஒன்று அங்கே போய்ச் சேராததால் ஒரு நாரையும் கூடுதலாக வரப்போவதில்லை என்பதும் தெரியும். நான் இதைச் செய்வது நாரைக்காக இல்லை, ஐந்தாவது அழைப்புக்காக.

வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. 'ஸ்ரீ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும்; கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே முதல் எழுத்தின் எண் வேறு. ஒரு விதத்துக்கு வடிவம் வைத்துவிட்டேன். மாடி வீட்டு ஸ்ரீதரின் பெயர் அம்மாவின் போனில் இன்னொரு விதத்தில் பதிவாகியிருக்கிறது. அதனால் அவர் கூப்பிட்டால் முதலில் ஒரு பெட்டி, அதன் பின்னால் ரீதர். நேற்று நான் வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா சொன்னாள்:

"தண்ணி லாரி வந்துடுச்சாம், பொட்டிரீதர் கூப்பிட்டுச் சொன்னான். மோட்டரைப் போடு."