அம்புக்குறியும் வாய்ச்சொல்லும்

விளையாட்டு என்றாலே வீண்பொழுது என்பார் உளர். கணினி விளையாட்டு என்றால் கேட்கவே வேண்டாம்! ஆயினும் நல்ல கதையைப் போலவே நல்ல விளையாட்டும் வாழ்க்கையைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லத்தான் செய்கிறது. விடுமுறை இரவுகளில் நான் ஆடிய 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' என்னும் மாயக்கதை வரிசை அத்தகையது. அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 1994இல் தொடங்கிய வரிசை இது. மூன்றாவதாக 2002இல் 'மோரோவிண்ட்', நான்காவதாக 2006இல் 'ஒப்லிவியன்', ஐந்தாவதாக 2011இல் 'ஸ்கைரிம்' வெளிவந்தன. இம்மூன்றையும் நான் தலைகீழாக, புதியதில் தொடங்கிப் பழையதில் முடித்தேன்.

ஸ்கைரிமின் அழகை யார் மறுப்பார்? பனி மூடிய மலைகள் கண்ணுக்கு விருந்து. வாள் வீசினால் பட்டது பட்டதுதான். மோரோவிண்டிலோ வாள் எதிரியின்மேல் படுவது போலவே தோன்றும். உள்ளே உருளும் தாயக்கட்டை, தவறிற்று என்று தீர்ப்பளித்துவிடும். போர் செய்வதில் புதியதே மேல்.

வழி காட்டும் முறையில் எது மேல்? ஸ்கைரிமில் திரையின் மேற்புறம் ஒரு திசைகாட்டி உண்டு. போகவேண்டிய இடத்தை அதிலுள்ள குறி காட்டிக்கொண்டே இருக்கும். ஒப்லிவியனில் தொடங்கிய வழக்கம் இது. மோரோவிண்டில் அந்தக் குறி இல்லை. பாலம் தாண்டு, வடக்கே நட, பாறையருகே திரும்பு என்பதுபோல் எவரேனும் சொல்வார். அது நாட்குறிப்பில் பதியும். மற்றது நம் பாடு. ஒப்லிவியனில் எல்லாரும் வாய்விட்டுப் பேசுகிறார்கள்; ஆனால் கேளாமலே போகலாம், குறிதான் இருக்கிறதே!

மோரோவிண்டின் கதைத் தலைவன் கைதியாய்க் கப்பலில் வந்திறங்குபவன். அத்தீவின் மக்கள் அவனை அயலான் என்றே அழைக்கிறார்கள். இன்சொல்லால் மனத்தை இளக்கினால்தான் சிலர் செய்தி சொல்வார்கள். தமிழகம் விட்டு ஐதராபாத்துக்கு வந்த நமக்கு இந்த நிலை புதிதா?

கைப்பேசியின் குறியைப் பின்பற்றினால் இந்நகரில் எங்கும் போகலாம். எவரோடும் பேச வேண்டியதில்லை. ஒருமுறை கோட்டியின் பழைய புத்தகக் கடைகளைத் தேடிச் செல்கையில் என் கைப்பேசி அணைந்துவிட்டது. தேநீர்க்கடைப் பெரியவர் ஒருவரிடம் வழி கேட்டேன். "குடி" என்றார். தமிழ்க் காதுக்கு அது தேநீர் உபசாரமாகவே ஒலித்தது! அவர் வலப்புறம் கை நீட்டிய பிறகே, தெலுங்கில் வலத்துக்குக் 'குடி' என்று பெயர் என விளங்கிற்று. இடத்துக்கு 'எடம', அது நம் வீட்டுச் சொல்லேதான். அந்த இரண்டு சொற்களில் தொடங்கியதே என் தெலுங்கு. இன்று அக்கடையில் நான் அயலான் அல்லன்.

ஈராண்டு இங்கே படித்து, பட்டமும் பெற்று, தெலுங்கில் ஒரு சொல்லும் அறியாமல் ஊர் திரும்பும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. ஆய்வுக்கூடம் தெரியும், விடுதி தெரியும். இரண்டுக்கும் இடையில் வாழும் மக்களைத் தெரியாது. இழப்பு யாருக்கு?

ஸ்கைரிம் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. அது என்னை இடத்தில் சேர்த்தது. மோரோவிண்ட் ஊரில் சேர்த்தது. நண்பர்களே, வரும் ஞாயிறன்று கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு யாரிடமாவது வழி கேளுங்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.