முதலாளியின் கடன்

இடர் மாதக் கடைசியைப் பார்த்து வருவதன்று. சம்பளத்தாற் சீவிப்போர்க்கு வரவு மாதத்தில் ஒரு நாள். நோயும் சாவும் எந்நாளும் வரலாம். கொழும்பில் ஒரு வணிக நிலையத்தின் கணக்குப் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கடமையாற்றிய காலத்தில் இதனைப் பலமுறை கண்டிருக்கின்றேன்.

அந்நிலையத்துப் பண்டகசாலை ஊழியர் ஒருவர், மனைவியின் சத்திரசிகிச்சைக்காக முற்பணம் வேண்டி விண்ணப்பித்தார். எவரும் மறுத்திலர். ஆயினும் விண்ணப்பம் நான்கு மேசைகளைக் கடந்து வர ஒன்பது நாள்கள் சென்றன. ஒவ்வொரு மேசையிலும் அவர் தம் வீட்டுத் துன்பத்தை எடுத்துரைக்க வேண்டியிருந்தது. பணம் கைக்கு வருமுன்னரே தாலிக்கொடி அடைவுகடைக்குச் சென்றுவிட்டது. அதனை மீட்க அவர் ஈராண்டு வட்டி கட்டினார்.

நம் நாட்டில் ஊழியரைக் காக்கச் சட்டங்கள் இல்லாமலில்லை. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி ஊழியர் நூற்றுக்கு 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்துகின்றனர். 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3 வீதம் செலுத்துகின்றார். இவை பெரும்பாலும் பிற்காலத்தை நோக்கியவை. நாளைக் காலை வைத்தியசாலையிற் கட்டவேண்டிய பணத்துக்கு உதவா. அரசாங்க ஊழியர்க்கு இடர் கடன் என்னும் ஏற்பாடு உண்டு. தனியார் நிலையங்களிலோ பெரும்பாலும் முதலாளியின் மனமே விதி.

2022 புரட்டாதியிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை அண்மியது. அப்போது இம்மாதம் முற்பணம் பெற்றவர் அடுத்த மாதம் அரைச் சம்பளத்துடன் மீண்டும் வந்து நின்றார். முற்பணம் மட்டும் போதாது என்பதை அவ்வாண்டு தெளிவாகக் காட்டியது.

வேண்டுவன சிலவே. நிலையந்தோறும் ஒரு சிறு இடர் நிதி அமைதல் வேண்டும். அதன் விதிகளை ஊழியர் அனைவரும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். விண்ணப்பித்த அன்றே பணம் கொடுக்க ஒருவர்க்கு அதிகாரம் அளித்தல் வேண்டும். அவர் கேட்டறிந்ததை வெளியிடாதிருத்தல் வேண்டும். கடனாயின் வட்டியின்றிச் சிறு தவணைகளிற் கழித்துக்கொள்ளலாம். சாவு, கொடுநோய் என்பவற்றுக்கு ஒரு பகுதியையேனும் நன்கொடையாகவே கொடுத்தல் தகும். நிதியை மேற்பார்க்கும் குழுவில் ஊழியரும் இடம்பெறின் ஓரவஞ்சனைக்கு இடமிராது.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று தொழில் நிலையங்களை நடத்துகின்றனர். கடன் என்னுஞ் சொல்லுக்குக் கடமை என்பதும் பொருள் என்று நாம் இங்கேதான் கற்றோம். இவ்விழா ஆண்டிலேயே அவர்கள் தத்தம் நிலையங்களில் இத்தகைய நிதியொன்றைத் தொடங்குவாராக.