பழி போடும் முன் பிரஷர் பாருங்கள்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இறக்கி, பிரித்து, புது கிளட்ச் பிளேட்டும் சீலும் போட்டு ஏற்றிய வண்டி சில நாளிலேயே மறுபடி நின்றுவிட்டால், ஒர்க்‌ஷாப்பில் முதலில் எழும் கேள்வி "யார் கை வச்சது?" என்பதுதான். கை வைத்தவன் காலனிப் பையன் என்றால் இரண்டாவது கேள்வியே வராது.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். மீதிப் பேர் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், டிரைவர். தருமபுரியிலிருந்து சேலம் போகும் சாலையோரத்து ஒர்க்‌ஷாப்புகளில் வேலை பார்ப்பவர்களும் அதில் உண்டு. அவர்களில் ஒரு தம்பி மேல் போன வருடம் ஒரு பழி விழுந்தது. நாங்கள் கூடி நின்று, ஆதாரம் சேர்த்து, அந்தப் பழியை இறக்கி வைத்தோம். அதை எப்படிச் செய்தோம் என்பது ஸ்பேனர் பிடிக்காத தோழர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறோம்.

தம்பி ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் இரண்டு வருடம் படித்தவன். கிளட்ச் கருகி வந்த ஒரு கியர்பாக்ஸை அவன்தான் பிரித்துக் கட்டினான். டெலிவரி கொடுத்து 300 கிலோமீட்டர் ஓடிய பிறகு, சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வண்டி இரைந்தது, இழுவை குறைந்தது, கடைசியில் நின்றேவிட்டது. அரை மணி நேரம் ஓரம்கட்டி வைத்தபின் கொஞ்ச தூரம் நகர்ந்தது. மறுபடி நின்றது. கட்டி இழுத்து வந்தார்கள்.

வண்டிக்காரர் வந்தவுடன் கேட்டது: "ஏன்டா, கன்வெர்ட்டர ஒழுங்கா உக்கார வெச்சியா? பம்ப்ப ஒடச்சிட்டு நிக்கிற." பிறகு முதலாளி பக்கம் திரும்பி, "கோட்டாவுல படிச்சவன் கையில குடுத்தா இப்படித்தான்" என்றார். முதலாளி அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. "மூணு மாசச் சம்பளத்துல புடிச்சுக்கறேன் சார்" என்றார்.

தம்பி சொன்னது ஒன்றே ஒன்று: "அண்ணா, தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பிரஷர் பாத்துரலாம்ண்ணா."

அந்த ஒரு வாக்கியத்தின் எடை புரிய, உள்ளே நடப்பது என்ன என்று தெரிய வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எல்லா வேலையும் ஆயிலின் அழுத்தத்தால் நடக்கிறது. கிளட்ச் பிளேட்டுகளை இறுக்கிப் பிடிப்பது, டார்க் கன்வெர்ட்டரை நிரப்புவது, பேரிங்குகளுக்கு ஆயில் கொடுப்பது, சூடான ஆயிலைக் கூலருக்கு அனுப்புவது என அனைத்துக்கும் ஒரே பம்ப்தான். இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கன்வெர்ட்டரின் கழுத்து அந்தப் பம்ப்பைச் சுழற்றுகிறது. இன்ஜின் ஓடினால் பம்ப் ஓடும், இன்ஜின் நின்றால் பம்ப் நிற்கும். ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாததற்கு இதுவே காரணம். (இப்போது நம் ஊரில் நிறைய ஓடும் ஏ.எம்.டி. வண்டிகள் வேறு வகை. அவற்றில் டார்க் கன்வெர்ட்டரே கிடையாது.)

கியர்பாக்ஸ் கட்டி ஏற்றும்போது கன்வெர்ட்டரைத் திருப்பித் திருப்பித் தள்ளினால் அது படிப்படியாக உள்ளே விழுந்து, கடைசியில் பம்ப்பின் பல்லோடு பொருந்த வேண்டும். சரியாக உட்கார்ந்திருந்தால், கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்த்த பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுழலும். சில மில்லிமீட்டர் முன்னால் இழுத்துத்தான் போல்ட் போட வேண்டியிருக்கும். உட்காராமல் போல்ட்டை முறுக்கி இறுக்கினால் பம்ப் உடையும். வண்டிக்காரர் சொன்ன குற்றச்சாட்டு கற்பனையானது இல்லை. அப்படி நடப்பதுண்டு. ஆனால் அப்படி நடந்தால் வண்டி முதல் ஸ்டார்ட்டிலேயே காட்டிக்கொடுத்துவிடும். இந்த வண்டி 300 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முதல் சந்தேகம் இங்கே எழ வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆறு பேர் போனோம். சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று முதலாளி நினைத்தார். சேலத்தில் பல வருடம் ஆட்டோமேட்டிக் வேலை பார்த்த ஒரு அண்ணனும் கேஜோடு எங்களோடு வந்திருந்தார். "வண்டிக்காரரையும் கூப்பிடுங்க, அவர் முன்னாடியே பாக்கலாம்" என்றார். சோதனையை எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருந்தோம்.

முதலில் டிப்ஸ்டிக். ஆயில் அளவு சரி, நுரையும் இல்லை. நுரை இருந்தால் பில்டர் சீல் வழியாகப் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். அப்படியிருந்தால் அது கட்டியவனின் பொறுப்பு. அடுத்து, கியர்பாக்ஸில் பிரஷர் பார்ப்பதற்கென்றே உள்ள துளையில் கேஜை மாட்டினார்கள். முள் எழவே இல்லை என்றால் பம்ப் சுழலவில்லை, உடைந்திருக்கலாம். ஒரு கியரில் மட்டும் குறைந்தால் அந்தக் கிளட்ச்சின் சீல் கசிகிறது, பம்ப் மேல் குற்றமில்லை. பம்ப் தேய்ந்திருந்தால் ஐடிலில் பிரஷர் குறைவாகவும், ரேஸ் கொடுக்கக் கொடுக்க ஏறுவதாகவும் காட்டும்.

இங்கே நேர்மாறாக இருந்தது. ஐடிலில் முள் மேனுவல் சொன்ன இடத்தில் நின்றது. ரேஸ் கொடுத்தபோது நடுங்கிக்கொண்டு இறங்கியது. இரைச்சலும் கூடவே ஏறியது. பம்ப் நிறைய ஆயில் கேட்கிறது, வழியில் ஏதோ அடைத்திருக்கிறது என்பதே இதன் பொருள். ஏற்றத்தில் நின்ற வண்டி அரை மணி நேரம் கழித்து நகர்ந்ததற்கும் விடை இதிலேயே இருந்தது. இன்ஜினை அணைத்தால் உறிஞ்சுவது நிற்கும், பில்டரில் ஒட்டிய கசடு கொஞ்சம் உதிரும், வழி விடும்.

ஆயில் சம்ப்பைக் கழற்றினார்கள். புதுப் பில்டர் கறுப்பாக அடைத்திருந்தது. அந்தக் கசடு எங்கிருந்து வந்தது? ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் குழாயில் சுத்தமான ஆயிலை எதிர்ப்பக்கமாகத் தள்ளியபோது, முன்பு கருகிய பழைய கிளட்ச்சின் துகள்கள் செதில் செதிலாக வெள்ளைத் துணியில் வந்து விழுந்தன. பிறகு கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தபோது பம்ப்பில் கீறல் இருந்தது. கன்வெர்ட்டர் கழுத்து பொருந்தும் பல் முழுசாக இருந்தது. தம்பி போட்ட கிளட்ச் பிளேட்டுகளின் நிறம்கூட மாறவில்லை.

அப்போதுதான் தம்பி எஸ்டிமேட் தாளை எடுத்தான். "கூலர் மாற்ற வேண்டும்" என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்திலேயே "வேண்டாம், பழையதே போதும்" என்று வண்டிக்காரரின் கையெழுத்து. காசை மிச்சப்படுத்தியது அவர். சரி என்று தலையாட்டியது முதலாளி. பழி மட்டும் தம்பிக்கு.

சம்பளப் பிடித்தம் நின்றது. கூலருக்கும் பம்ப்புக்கும் வண்டிக்காரரே பணம் கொடுத்தார். கோட்டா பற்றிச் சொன்ன வார்த்தையை அவர் திரும்பப் பெறவில்லை. தம்பி இப்போது வேறு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான். அங்கே பிரஷர் கேஜ் அவன் கையில்தான் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பல ஒர்க்‌ஷாப்புகளில் நம் பிள்ளைகள் வண்டிக்கு அடியில் இருப்பார்கள். கழுவுவது, கிரீஸ் அடிப்பது, கியர்பாக்ஸைத் தோளில் தாங்குவது அவர்கள் வேலை. ஸ்கேனரும் கேஜும் மேனுவலும் முதலாளியின் அறையில் பூட்டியிருக்கும். வேலை செய்கிற கையையும் அளந்து தீர்ப்புச் சொல்கிற கையையும் பிரித்து வைத்தால், தவறு எப்போதும் கீழே இருப்பவன் மேல்தான் விழும். அண்ணல் அம்பேத்கர் இதை நன்கு அறிந்திருந்தார். வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அவர், 1942-இல் பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கி அரசுக்கு ஒரு மனு கொடுத்தார். அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கு உதவித்தொகை கேட்டதோடு, ரயில்வே பட்டறைகளிலும் அரசு அச்சகங்களிலும் நம் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி வேண்டும் என்றும் அதில் கேட்டார். வண்டிக்காரர் ஏளனமாகச் சொன்ன "கோட்டா" அந்தக் கோரிக்கையின் வாரிசு.

கையில் தொழிலும் வாசலில் வண்டியும் வந்தால் அது சிலர் கண்ணை உறுத்துகிற மாவட்டம் இது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டியில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. பெங்களூருவுக்கும் மற்ற ஊர்களுக்கும் போய் உழைத்துக் கட்டிய வீடுகள் அவற்றில் நிறைய. வாசலில் நின்ற வண்டிகளையும் அன்று விட்டுவைக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் விழும் ஒரு சொல்லும் அன்றைய நெருப்பும் ஒரே அளவு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 'இவன் கைக்கு இது எதற்கு' என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றுதான்.

தொழில் படிக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். எதையும் பிரிக்கும் முன் அளந்து, தேதி போட்டு எழுதுங்கள். கேஜ் முள்ளைப் படம் எடுங்கள். கழற்றிய பழைய பொருளை வழக்கு முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். செய்ய வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொன்ன வேலையை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதற்கு முன் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்பது 1936-ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்த விதி. 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. முதலாளியிடம் அதை அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள்.

கல்லூரித் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு தம்பி கூப்பிட்டால், கோஷம் எழுதிய அட்டையோடு ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு போங்கள். அன்று எங்களில் ஆறில் இரண்டு பேர் ஒவ்வொரு அளவையும் நேரம் போட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரர் கடைசியில் வாங்கிப் படித்தது அந்த நோட்டைத்தான்.