பருப்பு வேகாத தண்ணீர்

மீன்தொட்டியைப் பளிச்சென்று கழுவி வைத்திருக்கிறோம் என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அண்மையில் அபிராமபுரத்தில் ஒரு வீட்டில் இதுதான் நடந்தது. நாலடித் தொட்டி, பல வருடமாக நான் பார்த்துவந்தது. மஞ்சள் லேப், டெமசோனி, ரஸ்டி என்று எல்லாம் ம்புனா வகை, ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறைகளில் வாழும் சிக்லிட்கள். பாதிக்கு மேல் அந்தத் தொட்டியிலேயே பிறந்தவை. "உங்களுக்கும் வயசாகுது சார், எதுக்கு மாடி ஏறி எறங்கணும்?" என்று அன்பாகச் சொல்லிவிட்டு, ஆண்டுச் சந்தாவில் ஒரு கம்பெனியைப் பேசி முடித்துவிட்டார்கள். சீருடை போட்ட பையன்கள் வந்து தண்ணீரை முழுக்க இறைத்தார்கள். ஸ்பாஞ்சையும் செராமிக் வளையங்களையும் குழாயடியில் வைத்து வெள்ளை வெளேரென்று தேய்த்தார்கள். சில நாளில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. கம்பெனி சொன்ன காரணம், மீன்களுக்கு வயதாகிவிட்டதாம்.

ஸ்பாஞ்சில் இருந்த அந்தப் பழுப்பு வழவழப்பைத்தான் நான் இத்தனை வருடம் வளர்த்தேன். மீன் எனக்கு இரண்டாவதுதான். மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதையும் நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் குடியிருப்பது அதில். ஸ்பாஞ்சை அலச வேண்டுமானால் தொட்டித் தண்ணீரையே பக்கெட்டில் எடுத்து லேசாகப் பிழிவேன், அவ்வளவுதான். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரில் தேய்த்தால் கதை முடிந்தது. வேறு மீன் என்றால் ஒருவேளை தாக்குப் பிடித்திருக்கும். ஆப்பிரிக்க சிக்லிட் தொட்டியில் அதற்கு வழியில்லை. முப்பது டிகிரித் தண்ணீரில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதம்கூட நஞ்சாக இருக்காது. அதே தண்ணீர் 8.5 என்றால் ஏறத்தாழ 20 சதவீதம் நஞ்சு. இந்த மீன் கேட்பதோ எட்டுக்குப் பக்கத்திலும் அதற்கு மேலும்.

இப்போது பாட்டிலில் பாக்டீரியா வருகிறது. காலையில் ஊற்றி மாலையில் மீன் விடலாம் என்கிறான் என் அக்கா பேரன். ஊற்றட்டும். சில பாட்டில் கொஞ்சம் உதவும், சில பாட்டிலில் இருப்பது வெறும் கலங்கல் தண்ணீர். தொட்டி பழகுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். அதுவரை ஹாலில் கல்லும் தண்ணீரும்தான் இருக்கும். வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொள்வதற்குக் கூலி கேட்டால் ஆழ்வார்பேட்டையில் ஒருவரும் தரமாட்டார்கள். கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

நான் தொழில் கற்ற இடம் கொளத்தூர். பள்ளிக்கூட நாளில் மூர் மார்க்கெட்தான் போக்கிடம். பழைய புத்தகம், புறா, வெள்ளெலி, ஜாம் பாட்டிலில் ஃபைட்டர் மீன். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்துபோன பிறகு வடக்கே திரும்பினேன். கொளத்தூரில் வீட்டுக் கொல்லையில் சிமென்ட் தொட்டி கட்டி மீன் பெருக்கிய பெரியவர் ஒருவர் இருந்தார். பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது. மீன் கேட்டு வருகிறவனிடம் விலை சொல்வதற்கு முன் விசாரணை வைப்பார்.

"எந்த ஏரியா தண்ணி தம்பி?"

"ஆழ்வார்பேட்டைங்க."

"மெட்ரோவா, போரா?"

"போர்."

"வீட்ல பருப்பு வேகுதா?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டபோது, "இந்தப் பாழாப்போன தண்ணியில எங்கடா வேகுது? உலைக்குத் தனியாத்தானே தண்ணி புடிச்சு வைக்கிறேன்" என்றாள். அதை அப்படியே போய்ச் சொன்னேன். "அப்ப ஆப்பிரிக்கா மீன் வை. நியான் டெட்ரா பக்கம் போகாதே" என்றார். மீன் வளர்ப்பில் எனக்குக் கிடைத்த ஒரே உபதேசம் அதுதான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் அதற்கு உரை.

பருப்பை வேகவிடாமல் தடுப்பது தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும். பெரியவர் அடுத்ததாகச் சோப்புப் போட்டுப் பார்ப்பார், நுரை வர எவ்வளவு தேய்க்க வேண்டியிருக்கிறது என்று. கடைசியில் ஒரு சொட்டை நாக்கில் வைப்பார். அது உப்பைப் பார்க்க. கடினம் வேறு, கரிப்பு வேறு என்பதை எனக்கு அந்த நாக்குதான் கற்றுக்கொடுத்தது. நம் ஆழ்வார்பேட்டையிலிருந்து கடல் எவ்வளவு தூரம்? மழை பொய்த்த வருடங்களில், ஆழப் போட்ட போர்களில் கரிப்பு ஏறும். இன்றைக்கு எல்லார் சட்டைப்பையிலும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறது. 1,200 என்று காட்டினால் "ஆஹா, ஆப்பிரிக்கத் தண்ணீர்" என்று குதிக்கிறார்கள். அந்த 1,200இல் சுண்ணாம்பு எவ்வளவு, சோற்றுப்பு எவ்வளவு என்று மீட்டர் சொல்லாது. கே.எச்., அதாவது கார்பனேட் கடினம், பார்க்கச் சொட்டுமருந்து கிட் கிடைக்கிறது. அதை வாங்கச் சொன்னால், "எதுக்கு சார் அதெல்லாம்" என்று எல்.ஈ.டி. விளக்குக்குப் பணம் கட்டுவார்கள்.

கே.எச். இல்லாவிட்டால் பி.எச். நிற்காது. ஃபில்டர் பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அமிலம் உண்டாகும், அதைத் தின்று தீர்ப்பது கே.எச்.தான். மலாவி ஏரியின் பி.எச். ஏறத்தாழ 7.7க்கும் 8.6க்கும் இடையில், டாங்கனிகா அதற்கும் மேலே. மலாவி ஏறத்தாழ 700 மீட்டர் ஆழம். அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் பி.எச். இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாக மாறாது. அந்த ஏரியில் உருவான மீனை 250 லிட்டரில் அடைக்கிறோம். அதற்கு நாம் தரவேண்டிய ஒரே மரியாதை, தண்ணீரை ஒரே மாதிரி வைத்திருப்பது. எண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆடினால் பொறுக்காது.

சென்னையில் அந்த ஒன்றுதான் கிடைக்காது. ஐப்பசி கார்த்திகையில் ஒரு தண்ணீர், சித்திரையில் ஒரு தண்ணீர். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். ஊருக்கு நல்லது, நானும் வாழ்த்தினேன். ஆனால் நல்ல மழைக்குப் பிறகு எங்கள் தெருப் போர்களில் கே.எச். சரசரவென்று இறங்குவதை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். 2004இல் வீராணம் தண்ணீர் வந்தது. 2013இல் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்து, தென்சென்னைக் குழாய்களில் அந்த மெல்லிய தண்ணீரும் ஓடத் தொடங்கியது. அடுக்குமாடிச் சம்ப்பில் போர், மெட்ரோ, லாரி மூன்றும் கலந்த பிறகு எது எதுவென்று வருணனுக்கே தெரியாது.

2019 கோடையை மறக்க முடியாது. ஏரிகள் வற்றி, குழாயில் காற்று வந்தது. ஒவ்வொரு லாரியும் ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீர். ஒரு நாள் கே.எச். 14, அடுத்த லோடு 4. மனிதர் குளிக்கத் தண்ணீர் இல்லாதபோது மீனுக்கு மாற்றுகிறாயா என்று ஒரு வீட்டு வாசலில் ஒருவர் சண்டைக்கு வந்தார். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் நான் மாற்றிய தண்ணீர் அப்படியே மாடித்தோட்டத்துச் செடிகளுக்குத்தான் போனது, வெண்டைக்காய் காய்த்துத் தள்ளியது. அந்தக் கோடையில் வாரம் கால்பங்கு மாற்றுவதை விட்டு, நாள்தோறும் ஓரிரு பக்கெட் மட்டும் மாற்றினேன். தீவனத்தைப் பாதியாகக் குறைத்தேன். புதுத் தண்ணீரை டிரம்மில் ராத்திரி முழுக்கக் காற்றடித்து, ஹைப்போ போட்டு, மெல்லிய டியூபில் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஹைப்போ என்றால் ஃபோட்டோ ஸ்டுடியோக்காரர்கள் படம் கழுவப் போட்ட அதே சோடியம் தயோசல்ஃபேட்தான். அதையே நீலச் சாயம் கலந்து, பத்து மடங்கு விலையில் குப்பியில் விற்கிறார்கள்.

கே.எச். இறங்கும் வீடுகளுக்குப் பெரியவர் சொன்ன மருந்து கிளிஞ்சல். பழவேற்காட்டுப் பக்கம் சுண்ணாம்பு சுட அள்ளுவார்களே, அதேதான். நன்றாக ஊறவைத்துக் கழுவி, நைலான் வலைப்பையில் கட்டி ஃபில்டரில் போட்டுவிட்டால் தண்ணீர் தனக்கு வேண்டியதை மெதுவாகக் கரைத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் கடைகளில் பவளக்கல் தாராளமாகக் கிடைத்தது. 2001இல் கடினப் பவளங்கள் எல்லாவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். செத்த பவளமானாலும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். இன்னும் சிலர் "பழைய ஸ்டாக் சார்" என்று காதோடு சொல்லித் தருகிறார்கள். வாங்காதீர்கள். கிளிஞ்சல் செய்யாத எதையும் பவளம் செய்துவிடாது.

கல் அடுக்குவதைப் பற்றி நிறையச் சொல்வார்கள், நான் ஒன்றுதான் சொல்வேன். மணலைக் கொட்டிவிட்டு அதன்மேல் கல் வைக்காதீர்கள். இவை பள்ளம் தோண்டும் மீன்கள். அடிக்கண்ணாடியில் முதலில் கல், பிறகு மணல். எம்-சாண்ட் வேண்டாம், கூர்முனை.

சண்டை போடும் என்று பயப்படுகிறார்கள். போடும். கென்யி என்ற ம்புனாவில் ஆண் மஞ்சள், பெண் நீலம். அந்த மஞ்சள் ஆண் ஒன்று போதும், தொட்டி முழுவதையும் பட்டா போட்டுக்கொள்ளும். கூட்டத்தைக் கொஞ்சம் கூட்டி, ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்று விட்டால் அடி பங்கு பிரிந்துவிடும். புதிய மீன் விடும் நாளில் எல்லாக் கல்லையும் இடம் மாற்றுங்கள். ஆளுக்கொரு புது வீடு தேடும் அவசரத்தில் புதுசு யார், பழசு யார் என்பது மறந்துபோகும்.

தீவனம்தான் அதைவிட ஆபத்து. ம்புனா பாறைப்பாசியைச் சுரண்டித் தின்கிறது, அதற்கேற்ற நீளக் குடல். சாக்கடையில் அள்ளிய டியூபிஃபெக்ஸ் புழுவை, குழந்தைக்குப் பிடிக்கிறதே என்று ஆசையாகப் போடுவார்கள். வயிறு உப்பி, வெள்ளை நூலாகக் கழிந்து, மூலையில் ஒதுங்கிவிடும். அப்புறம் எந்த மருந்து போட்டாலும் பாதிதான் நம்பிக்கை. ஸ்பைருலினா கலந்த தீவனம், வேகவைத்துத் தோலுரித்த பட்டாணி, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. பட்டினி என்றதும் மாமிகளுக்குப் பொறுக்காது. "பாவம், வாயத் தெறந்து தெறந்து கேக்கறதே" என்பார்கள். வாய் திறப்பது அதன் சுபாவம் மாமி. முட்டையை வாயில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் தின்னாமல் இருக்கும் தாய்மீனுக்கு உங்கள் ஏகாதசி ஒன்றுமே இல்லை.

2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பிறகு பல தெருக்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. பேட்டரி ஏர் பம்ப் வைத்திருந்த வீடுகளில் மீன் பிழைத்தது. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. வாங்கி வையுங்கள்.

என்னை நிஜமாகச் சுடுவது வேறு. மலாவி ஏரியில் நூற்றுக்கணக்கில் வகைகள் இருக்கின்றன. அங்கே அவை பாறைக்குப் பாறை பிரிந்து வாழ்கின்றன. தொட்டியில் தன் இனத்து ஆண் இல்லாவிட்டால் பெண் பக்கத்து இனத்தோடு சேர்ந்துவிடும். அந்தக் குஞ்சுகளுக்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. முன்பு அப்படிப் பிறந்தவற்றைப் பெரியவர் தனியே ஒதுக்குவார், விற்கமாட்டார். இன்று அதற்கு "அசார்ட்டட் ஆப்பிரிக்கன்" என்று பலகை எழுதி எண்ணிக்கைக் கணக்கில் விற்கிறார்கள். ஓபி பீகாக், டிராகன் பிளட் இரண்டும் மனிதன் கலந்து செய்தவை, எந்த ஏரியிலும் கிடையாது. அதையும் "ஒரிஜினல் மலாவி" என்பார்கள். இன்னும் மோசம், ஹார்மோன் கலந்த தீவனம். ஒன்றரை அங்குல பீகாக் குஞ்சு முழு நீலத்தில் மின்னினால், தொட்டியில் பெண்ணே இல்லாமல் எல்லாமே வண்ணமாக இருந்தால், சந்தேகப்படுங்கள். சில மாதத்தில் சாயம் போகும். வீட்டுக்காரர் என்னிடம்தான் கேட்பார், "என்ன சார் தண்ணி வச்சீங்க?" என்று.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் ஒருவர், "ஜிலேபிக் கெண்டைக்கா இவ்வளவு அலட்டல்?" என்று கேட்டுச் சிரிக்கவைத்தார். சிரிப்பில் உண்மை இருக்கிறது. ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்க சிக்லிட்தான். அதுவும் குஞ்சை வாயில் வைத்து வளர்ப்பதுதான். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் அது இல்லாத ஏரியைத் தேட வேண்டும். நம் கழிமுகங்களுக்கே சொந்தமான சிக்லிட் ஒன்று உண்டு. கேரளத்தில் கரிமீன் என்று கொண்டாடி, 2010இல் மாநில மீனாகவே அறிவித்தார்கள். நாம் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

வீடு மாற்றும்போதும், பிள்ளைகள் அமெரிக்கா போகும்போதும், "கோயில் குளத்துல விட்டுடலாமா சார், புண்ணியமாப் போகும்" என்று கேட்கிறார்கள். விடாதீர்கள். ஏரியிலும் வேண்டாம், குளத்திலும் வேண்டாம். வாங்கிய கடையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள், காசு மட்டும் தரமாட்டார்கள்.