ஒரு கிலோமீட்டர் பாலம், நான்கு இரவுக் கடல்

ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்கு உல்லாசக் கப்பல் பயணத்தின் முதல் கட்டமே ஜொகூர் பாலம்தான். 1924-இல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடந்தால் கால் மணி நேரம். பள்ளி விடுமுறையில் காரில் போனால் இரண்டு, மூன்று மணி நேரம்கூடப் பிடிக்கலாம். பாலத்தின் மேல் கழிப்பறை கிடையாது.

நம்மில் பலருக்கு அது வெறும் எரிச்சல். என் அம்மாவுக்கோ பயணமே வேண்டாம் என்று சொல்ல அது ஒன்றே போதுமான காரணமாக இருந்தது.

அப்பாவின் 70-வது பிறந்தநாளுக்காக அக்காவும் நானும் நான்கு இரவுப் பயணம் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தோம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய், மீண்டும் சிங்கப்பூரில் இறங்க வேண்டும். அப்பா உடனே சம்மதித்தார். அம்மா மட்டும், "நீங்கள்லாம் போய்ட்டு வாங்க லா. வீட்டைப் பார்த்துக்க ஆள் வேணும்ல" என்றார். மறுவாரமும் அதே பதில். மூன்றாவது முறை கேட்டபோது சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "இருமினா, சிரிச்சாக்கூட ஒண்ணுக்குக் கசியுது. சில நேரம் கழிவறைக்குப் போறதுக்குள்ளயே ஆயிடுது. ரெண்டு வருஷமா இப்படித்தான்."

தைப்பூசத்துக்குப் பத்துமலை போகாதது, திருமண வீடுகளில் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவது, கோயிலில் எப்போதும் வாசல் பக்கத்திலேயே நிற்பது என எல்லாவற்றுக்கும் அன்றுதான் காரணம் தெரிந்தது.

நான் வானொலி அறிவிப்பாளர். நேயர்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி எதைப் பற்றியும் நேரலையில் தயக்கமின்றிப் பேசுவார்கள். சிறுநீர்க் கசிவு என்ற சொல்லை மட்டும் ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. இந்தக் கட்டுரையை அம்மாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாதே, மத்ததெல்லாம் எழுது" என்றார்.

முதலில் கிளினிக்

கப்பலுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் அம்மாவை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். சிறுநீர்க் கசிவு வயதானால் வந்தே தீரும் ஒன்று என்றுதான் அம்மா நினைத்திருந்தார். வயது ஏற ஏற வாய்ப்புக் கூடும் என்பது உண்மை. ஆனால் அதற்குக் காரணங்கள் உண்டு, பலருக்குச் சிகிச்சையும் உண்டு என்றார் மருத்துவர்.

இதில் இரண்டு வகைகள் பரவலானவை. இருமல், தும்மல், சிரிப்பு, கனம் தூக்குதல் ஆகியவற்றின்போது கசிவது ஒன்று. பிரசவங்களாலும் மாதவிடாய் நின்ற பிறகும் இடுப்புத்தளத் தசைகள் தளர்வதால் பெண்களுக்கு இது அதிகம். திடீரென அவசரம் வந்து, கழிவறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கசிந்துவிடுவது மற்றொன்று. அம்மாவுக்கு இரண்டும் கலந்திருந்தன. ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி வீங்கினாலும், அதற்கான அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கசிவு வரலாம். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவும் இதைக் கூட்டும். நம் நாட்டில் நீரிழிவு இந்தியர்களிடையே அதிகம் என்பதால் இந்த விஷயம் நம் வீடுகளுக்கு ரொம்பவே நெருக்கமானது.

சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கிறதா, சர்க்கரை அளவு எப்படி என்று பார்த்தார்கள். ரத்த அழுத்தத்துக்காக அம்மா எடுக்கும் மாத்திரை சிறுநீரை அதிகமாகப் பிரியவைக்கும் வகை. அதை எந்த நேரத்தில் எடுப்பது என்பதை மருத்துவர் மாற்றிக் கொடுத்தார். இடுப்புத்தளப் பயிற்சியும் சொல்லித் தந்தார்கள். சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கி, சில விநாடி பிடித்து, தளர்த்த வேண்டும். ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-இல் எழுதி அறிமுகப்படுத்திய பயிற்சி இது. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும் என்பதால், கப்பலை நான்கு மாதம் தள்ளிப் பதிவு செய்தோம்.

ஒன்றை மறக்க வேண்டாம். சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், திடீரெனச் சிறுநீர் போகாமல் நின்றுவிடுவது, கால்களில் மரத்துப்போதல் ஆகியவை இருந்தால் பயணத் திட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மூன்று நாள் குறிப்பேடு

மருத்துவர் கொடுத்த இன்னொரு வேலை, மூன்று நாள் குறிப்பேடு. எப்போது, என்ன, எவ்வளவு குடித்தார், எப்போது கழிவறைக்குப் போனார், எப்போது கசிந்தது என்று எழுத வேண்டும். எங்கள் பயணத் திட்டமே அந்தக் குறிப்பேட்டிலிருந்துதான் பிறந்தது.

காலையில் கோப்பி குடித்த ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு முறை போகிறார். பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. வெளியே போகும் நாளில் மதியம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. இந்தக் கடைசிப் பழக்கத்தைத்தான் முதலில் நிறுத்தச் சொன்னார்கள். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி பையை உறுத்தும், அவசரம் கூடும், தொற்றுக்கும் மலச்சிக்கலுக்கும் வழி வகுக்கும். பயண நாளில் குறைக்க வேண்டியது கோப்பி, தே தாரிக், குளிர்பானங்களையே. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் குடிக்கலாம்.

பாலத்தைக் கடப்பது எப்படி?

அம்மாவால் நிம்மதியாக இரண்டு மணி நேரம் இருக்க முடியும் என்று குறிப்பேடு காட்டியது. பாலத்தில் காரில் மாட்டிக்கொண்டால் அந்தக் கணக்கு தப்பிவிடும். 1998-இல் திறக்கப்பட்ட துவாஸ் இரண்டாம் இணைப்பு வழியாகப் போகலாம் என்றார் அக்காவின் கணவர். அங்கே கூட்டம் பெரும்பாலும் குறைவு என்றாலும் நிச்சயம் இல்லை.

கடைசியில் ஜேபி சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸ் போகும் ஷட்டில் தெப்ராவ் ரயிலை எடுத்தோம். பாலத்தைக் கடக்க ஐந்து நிமிடம். கட்டணம் 5 வெள்ளி. டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். குடிநுழைவுச் சோதனைக்குள் நுழையும் முன் ஒரு முறை, உட்லண்ட்ஸில் இறங்கிச் சோதனை முடித்த பின் ஒரு முறை என்று கழிவறை நிறுத்தங்களை எழுதி வைத்தோம். அங்கிருந்து டாக்சியில் மரினா பே கப்பல் முனையம்.

கிளம்பும் நாளாக வார நாளைத் தேர்ந்தெடுத்தோம். 2025 சனவரி 1 முதல் ஜொகூரிலும் சனி, ஞாயிறுதான் வார விடுமுறை. சிங்கப்பூரின் விடுமுறையும் அதுவே என்பதால் வாரக் கடைசியைத் தவிர்ப்பது நல்லது. கடப்பிதழ் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள். சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு அதை நிரப்பும் பத்து நிமிடம் எல்லோருக்கும் ஒன்றல்ல.

பெட்டிக்குள் என்ன?

எந்த நிறுவனம் தயாரித்தாலும் நம் ஊரில் எல்லாமே 'பம்பர்ஸ்'தான். உண்மையில் வகைகள் பல. லேசான கசிவுக்கு பேட் போதும். மாதவிடாய் நாப்கினை இதற்குப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. வேகமாக வரும் சிறுநீரை உறிஞ்சவும் வாடையை அடக்கவும் அது செய்யப்பட்டதல்ல, கசிவுக்கான பேட் வேறு. நீண்ட பயணத்துக்கும் இரவுக்கும் உள்ளாடை போல இழுத்து அணியும் வகை வசதி. பயணத்தில் புது வகையைச் சோதிக்க வேண்டாம். வீட்டிலேயே ஒரு வாரம் அணிந்து பார்த்துவிடுங்கள்.

அம்மாவுக்கு நாளுக்கு நான்கு தேவைப்பட்டது. ஐந்து நாளுக்கு 20. அதில் பாதியைக் கூட்டி 30 எடுத்தோம். கப்பல் கடைகளில் இவை கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. கூடவே மெத்தைமேல் விரிக்கும் உறிஞ்சு விரிப்பு ஐந்து, வாசனையில்லாத ஈரத்துடைப்பான், தோல் சிவக்காமல் காக்கும் களிம்பு, கறுப்பு நிறச் சிறு நெகிழிப் பைகள், ஈர உடையைப் போட ஜிப் பை, மருந்துகளை அதன் அசல் உறைகளில், மருத்துவர் கடிதம்.

கப்பல் பயணத்துக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. முனையத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். ஆகவே கைப்பையில் ஆறு பேட், ஒரு மாற்றுடை, துடைப்பான், பைகள் கட்டாயம் இருக்க வேண்டும். கடைசி இரவிலும் இதே கதை. பெட்டிகளை இரவே அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் காலைக்கு வேண்டியதைக் கைப்பையில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

உடையில் அம்மாவே வழி கண்டார். பகலில் இலாஸ்டிக் இடுப்பு வைத்த பாஜு கூரோங். அடர் நிறம், பூப்போட்டது. பிறந்தநாள் இரவுக்கு மட்டும் பட்டுப்புடவைதான் என்றார். "பாவாடைக்கு நாடாவை எடுத்துட்டு இலாஸ்டிக் கோத்துட்டேன், போதுமா?" என்று என் வாயை அடைத்தார்.

கப்பலில்

அறை பதியும்போது மூன்றைக் கேட்டோம். கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம், மின்தூக்கிக்குப் பக்கம். நடுவிலும் கீழும் ஆட்டம் குறைவு. கைப்பிடியும் அகலக் கதவும் உள்ள குளியலறை வேண்டுவோர் அதற்கென்றே உள்ள அறையை முன்பதிவின்போதே கேட்க வேண்டும். சக்கர நாற்காலி உதவியும் அப்படித்தான்.

கப்பல் கழிவறைகள் காற்றின் உறிஞ்சுவிசையில் இயங்குபவை. பேட், ஈரத்துடைப்பான் எதையும் அதில் போடக் கூடாது. ஒன்று அடைத்தால் அக்கம்பக்கத்து அறைகளுக்கும் சேர்த்துப் பாதிப்பு. அறைப் பணியாளரிடம் கூடுதல் குப்பைத் தொட்டிப் பையும் துண்டும் கேட்டோம். ஒரு கேள்வி கேட்காமல் கொடுத்தார். நீச்சல் குளத்தில் டயப்பர் அணிந்து இறங்க அனுமதியில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தலைசுற்றலுக்கு மாத்திரை எடுப்போர் முதலில் மருந்தாளரைக் கேட்பது நல்லது. அவற்றில் சில, சிறுநீர்ப்பைக்குத் தரும் மருந்துகளோடு சேரும்போது தூக்கக் கலக்கம், வாய் வறட்சி, சிறுநீர் தேங்குதல் வரை கொண்டுவிடும்.

கப்பல் புறப்படுமுன் எல்லாப் பயணிகளுக்கும் அவசரகாலப் பயிற்சி உண்டு. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. அது கேட்டால் எங்கே கூட வேண்டும் என்று காட்டுவார்கள். அம்மா அந்த இடத்தைப் பார்த்த கையோடு பக்கத்துக் கழிவறையையும் பார்த்துவைத்துக்கொண்டார். கலையரங்கில் ஓரத்து இருக்கை, உணவகத்தில் வாசல் பக்க மேசை. இரண்டாம் நாளுக்குப் பிறகு அவர் எதையும் தேடவில்லை.

பினாங்கில் சுவெட்டன்ஹம் துறைமுகத்தில் இறங்கினால் லிட்டில் இந்தியா நடக்கும் தூரம். குவீன் வீதியில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலுக்குப் போனோம். அம்மா வெகுநாள் கழித்து சந்நிதிக்கு நேர் எதிரே நின்று கும்பிட்டார். தீபாராதனை முடியும் வரை வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு வாழையிலைச் சாப்பாடு. திரும்பும்போது மழை பிடித்துக்கொள்ள, துறைமுகச் சோதனை வரிசை அனுமார் வால் போல் நீண்டது. அப்பா ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அறைக்குப் போன அம்மா பத்து நிமிடத்தில் உடை மாற்றிக்கொண்டு தேநீருக்கு வந்துவிட்டார். வரிசையில் கசிந்த விஷயத்தை அன்றிரவு அவராகச் சொல்லித்தான் நானே அறிந்தேன். "பையில எல்லாம் இருந்துச்சு. அப்புறம் என்ன?" என்றார்.

புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பாத்தோங் கடற்கரைக்கு எட்டவே நங்கூரமிட்டுவிடும். சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். படகுக்குக் காத்திருப்பது, ஆட்டம், திரும்ப வரும் வரிசை எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து அம்மா இறங்கவில்லை. அப்பாவும் தங்கிவிட்டார். ஆயிரக்கணக்கானோர் இறங்கிப்போன கப்பலின் மேல்தளத்தில் இருவரும் அரை நாள் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் கொண்டுவந்த மாம்பழத்தைவிட அந்த அரை நாளைப் பற்றித்தான் அப்பா அதிகம் பேசினார்.

பயிற்சியை அம்மா இப்போதும் விடவில்லை. கசிவு குறைந்திருக்கிறது, முழுக்க நிற்கவில்லை. ஊர் திரும்பிய வாரம் கூலாயிலிருந்து பெரியம்மா கூப்பிட்டார். கப்பல் சாப்பாடு, பினாங்குக் கோயில் எல்லாம் விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உங்கம்மாவுக்கு என்னென்ன எடுத்து வச்சே, அந்தப் பட்டியலைக் கொஞ்சம் அனுப்பு. எனக்கும்தான் மூணு வருஷமா…" என்றார். அனுப்பினேன். கூடவே, முதலில் கிளினிக்குக்குப் போகும்படியும் எழுதினேன்.